சட்டைப்பைக்கு ஒன்று, உறைக்கு ஒன்று

ஒரு கத்தி நன்றாக வெட்டுவதற்கு மூன்று விஷயங்கள் போதும்: நல்ல எஃகு, அதற்குச் சரியாகக் கொடுத்த பதம், மெல்லிய அலகு. இவற்றைத் தர இன்றைய தொழிற்சாலைக்குப் பெரிய செலவு ஆவதில்லை. பிடியில் பதிக்கும் மான்கொம்பு, டைட்டானியம், கார்பன் இழை, கண்ணாடிபோல ஏற்றிய மெருகு, குறைந்த எண்ணிக்கையில் மட்டும் செய்து விற்கும் வியாபார முறை ஆகியவைதான் கத்தியின் விலையை ஆயிரக்கணக்கில் ஏற்றுகின்றன. அவற்றில் அழகு உண்டு. வெட்டும் வேலையில் அவற்றுக்குப் பங்கு குறைவு. தக்காளித் தோலை வழுக்காமல் அறுப்பதிலும் மூங்கில் குச்சியைச் சீவுவதிலும் இருபது டாலர் கத்தி இருநூறு டாலர் கத்தியோடு தோளோடு தோள் நிற்கும்.

இப்படிப் பெயரெடுத்த மலிவுக் கத்திகளில் நான்கு, நான்கு நாடுகளில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. பிரான்சின் ஒப்பினெல் 1890இல் வந்தது. சுவீடனின் மோரா கத்தித் தொழிற்சாலைகளில் முதலாவது 1891இல் தொடங்கியது. அதே 1891இல் சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்சனர் தன் நாட்டு ராணுவத்துக்கு முதல் கத்திகளை ஒப்படைத்தார். ஜப்பானின் ஹிகோனோகாமி உருவானதும் அந்தப் பத்தாண்டில்தான். விவசாயி, தச்சர், சிப்பாய், பள்ளிப் பிள்ளை என்று கையில் அதிகம் காசு இல்லாதவர்களுக்காகவே நான்கும் செய்யப்பட்டன. நூற்றுமுப்பது வருடங்கள் ஆகியும் வடிவம் பெரிதாக மாறவில்லை. வடிவம் மாறாததால் இயந்திரங்களும் அச்சுகளும் எப்போதோ போட்ட முதலை எடுத்துவிட்டன. விலை ஏறாமல் நிற்பதற்கு அதுவே பெரிய காரணம்.

நான்கும் ஒரே காலத்தில் வந்ததற்கு எஃகின் வரலாறு விடை சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எஃகு அருமையான பண்டம். ஒரே சீரான எஃகை, மூசையில் இரும்பையும் கரியையும் வைத்து, மூடி, உலையில் உருக்கிச் சிறுசிறு கட்டிகளாகத்தான் எடுக்க முடிந்தது. இந்தக் கலையில் தென்னிந்தியா முன்னோடி. ஈரோடு மாவட்டக் கொடுமணல் அகழாய்வில் அதற்கான உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்த தென்னிந்திய எஃகை, கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819 வாக்கில் லண்டனில் வைத்து ஆராய்ந்திருக்கிறார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740களில் தன் சொந்த மூசை முறையைக் கண்டுபிடித்த பிறகும் எஃகின் விலை இறங்கவில்லை. 1856இல் ஹென்றி பெஸமர் காப்புரிமை பெற்ற முறையும், அதைத் தொடர்ந்து வந்த திறந்த உலைகளும்தான் எஃகை டன் கணக்கில் கொட்டவைத்தன. 1890 வாக்கில் மலைக்கிராமத்துக் கொல்லருக்கும் ஒரே தரமான எஃகு ரயிலில் வந்து சேர்ந்தது. மீதி வேலை அவரவர் புத்திசாலித்தனம்.

சவோய் மலையின் மரப்பிடி

ஜோசப் ஒப்பினெல் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவோயில் 1872இல் பிறந்தவர். தந்தை டேனியல் கோடரியும் வெட்டரிவாளும் அடிக்கும் பட்டறைக்காரர். சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றவர். மகனுக்கு இயந்திரங்களில் மோகம். 18 வயதில் நண்பர்களுக்காக ஒரு மடக்குக் கத்தி செய்தார். மரப்பிடியில் ஒரு வெட்டு, அதில் மடங்கும் அலகு, குறுக்கே ஓர் ஆணி, ஆணி நிற்க ஓர் உலோக வளையம். அவ்வளவுதான். 1897இல் அதையே 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் செய்து விற்கத் தொடங்கினார். மிகச் சிறிய 1ஆம் எண்ணும், 10க்கும் 12க்கும் நடுவே அதிகம் வித்தியாசப்படாத 11ஆம் எண்ணும் 1930களில் நின்றுபோயின. மற்ற எண்கள் இன்றும் கடையில் கிடைக்கின்றன.

அலகில் பொறித்திருக்கும் முத்திரை 1909இல் பதிவு செய்யப்பட்டது. ஆசீர்வதிக்கும் ஒரு கை, அதன் மேல் ஒரு கிரீடம். கை, அருகிலுள்ள சென் ழான் த மோரியென் நகரத்தின் சின்னத்தில் இருக்கும் புனித யோவானின் கை. கிரீடம் சவோய் பிரபுக்களுடையது.

முதல் அறுபத்தைந்து வருடங்கள் இந்தக் கத்திக்குப் பூட்டு கிடையாது. அலகும் மரமும் உரசிக்கொண்டு நிற்பதுதான் பிடிமானம். 1955இல் மார்செல் ஒப்பினெல், ‘விரோப்ளாக்’ என்ற சுழலும் வளையத்தைச் சேர்த்தார். அலகைத் திறந்து வளையத்தைக் கட்டைவிரலால் திருப்பினால் அலகின் அடிப்பகுதி மடங்க வழியில்லாமல் தடைபடும், விரல் தப்பும். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்தவற்றில் மூடிய நிலையிலும் வளையம் பூட்டிக்கொள்கிறது. பைக்குள் தானாகத் திறந்துவிடும் பயமில்லை. 2 முதல் 5 வரையுள்ள சின்ன எண்களில் இந்த வளையம் கிடையாது.

வாங்கத் தகுந்தது 8ஆம் எண். அலகின் நீளம் 8.5 சென்டிமீட்டர். பீச் மரப்பிடி, உள்ளங்கையில் உருண்டு உட்கார்ந்துகொள்கிறது. எடை கையில் தெரிவதே இல்லை. அலகு மிக மெல்லியது. இதன் முழு ரகசியமும் அந்த மெலிவில்தான் இருக்கிறது. பழத்தின் ஊடே போகும்போது தடித்த அலகு பழத்தைப் பிளக்கும். மெல்லிய அலகு அறுக்கும். ஆப்பிளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தடித்த கத்தி பாதி வழியில் ‘சடக்’கென்று பழத்தைப் பிளந்துகொண்டு போகும். ஒப்பினெல் கடைசி வரை சத்தமில்லாமல் இறங்கும்.

குறைகளும் உண்டு. மரம் ஈரத்தில் ஊதும். மழையில் நனைந்த ஒப்பினெலை நகத்தால் திறப்பது கஷ்டம். சவோய்க்காரர்கள் அதற்கு ஒரு கைப்பழக்கம் வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிநுனியை மேஜை விளிம்பில் ஒருமுறை தட்டுவார்கள். அலகு தானே தலையை நீட்டும். அதைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். முதல் நாளே மூட்டில் நல்ல எண்ணெய் ஒரு சொட்டு ஊறவிட்டால் இந்தத் தொல்லை குறையும். ஈரமும் உப்புக்காற்றும் உள்ள கடற்கரை ஊர்களில் மரப்பிடிக் கத்தியை இப்படிக் கவனிக்காமல் வைத்திருக்கக் கூடாது.

தாளின் நிறத்தில் பெயர் வாங்கிய எஃகு

ஒப்பினெலைவிட எளிய மடக்குக் கத்தி இருக்க முடியுமா என்றால், ஜப்பானில் இருக்கிறது. ஹியோகோ மாகாணத்தின் மிக்கி நகரம் தச்சுக் கருவிகளுக்குப் பெயர் போனது. 1578 முதல் 1580 வரை நடந்த முற்றுகையில் பாழான ஊரைக் கட்டியெழுப்பத் தச்சர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்குக் கருவி செய்யக் கொல்லர்கள் வந்தார்கள். அந்த மரபிலிருந்து வந்ததுதான் ஹிகோனோகாமி. பெயருக்கு ‘ஹிகோவின் பிரபு’ என்று பொருள். ஹிகோ என்பது இன்றைய குமாமோட்டோ பகுதியின் பழைய பெயர்.

பித்தளைத் தகட்டை மடித்தால் பிடி. அதற்குள் ஓர் அலகு, நடுவே ஓர் ஆணி. அலகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ‘சிகிரி’ என்ற சிறு கொம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் கத்தி திறக்கும். வெட்டும்போது அதே கட்டைவிரல் அந்தக் கொம்பின் மேல் அழுந்தியிருப்பதால் அலகு மடங்காது. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. கைதான் பூட்டு.

நல்ல ஹிகோனோகாமிகளின் அலகில் நடுவே கடினமான ‘அவோகாமி’ எஃகு. இரண்டு பக்கமும் மென்மையான இரும்பு. அவோகாமி என்றால் நீலத்தாள். ஷிமானே மாகாணத்து யசுகியில் செய்யப்படும் இந்த எஃகு, அதைச் சுற்றி அனுப்பிய தாளின் நிறத்தால் அந்தப் பெயரைப் பெற்றது. கடினமான நடுப்பகுதி கூரைத் தாங்கும். மென்மையான பக்கங்கள் அலகு உடையாமல் காக்கும், சாணைக்கல்லில் சீக்கிரம் தேயவும் செய்யும்.

ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி இது. தமிழில் ‘பேனாக்கத்தி’ என்ற சொல் வந்ததும் இதே வழியில்தான்: இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்தி. 1960 அக்டோபரில் ஜப்பானின் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா இனேஜிரோ மேடையிலேயே 17 வயதுப் பையன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். குத்திய ஆயுதம் பழைய குறுவாள். இந்தக் கத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் கிளம்பியது. பென்சில் சீவும் இயந்திரங்களும் சேர்ந்துகொள்ள, மிக்கியின் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று ஹிகோனோகாமி என்ற பெயரைப் பொறிக்கும் உரிமை நாகாவோ கனேகோமா என்ற ஒரே பட்டறையிடம் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் கையில் நிற்கும் கத்தி இன்னும் எளியவர் விலையிலேயே கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

இதே மடித்த தகட்டுப் பிடியில் பிரான்சின் தியேர் நகரம் 1929 முதல் ‘தூக்தூக்’ என்ற கத்தியைச் செய்கிறது. பசிபிக் தீவுகளில் விற்பதற்காக உருவானது. பிடியில் மெலனீசிய ஆவி உருவம் ஒன்று பொறித்திருக்கும். இதற்குப் பின்முதுகில் வலுவான வில் உண்டு. தட்டையான கத்தி, பர்ஸ்போல சட்டைப்பையில் படுத்துக்கொள்ளும்.

ஒரே வில், இரண்டு பக்கமும் கருவி

சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்ட சுவிஸ் கத்தியை அறியாதவர் குறைவு. ஆனால் அதில் உண்மையான கண்டுபிடிப்பு எது என்று பார்ப்பவர்களும் குறைவு.

1880களின் கடைசியில் சுவிஸ் ராணுவம் புதிய துப்பாக்கி ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதைக் கழற்ற ஒரு திருப்புளி வேண்டும். தகர டப்பா உணவைத் திறக்க ஒரு கருவி வேண்டும். இரண்டும் அலகோடு சேர்ந்து ஒரே கத்தியாகச் சிப்பாய்க்குக் கிடைக்க வேண்டும் என்று முடிவானது. அத்தனை கத்தியைச் செய்யும் வசதி நாட்டில் யாரிடமும் இல்லாததால் முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்தது. ஷ்வீஸ் மாகாணத்து ஈபாக் கிராமத்தில் 1884இல் பட்டறை வைத்த கார்ல் எல்சனருக்கு அது பொறுக்கவில்லை. மற்ற கத்தித் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். ஆனால் சோலிங்கன் தொழிற்சாலைகளின் விலைக்கு இறங்க முடியாமல் திவால் நிலைக்குப் போனார்.

அவரைக் கரையேற்றியது 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்த ‘அதிகாரிகள் கத்தி’. சிப்பாயின் கத்தியைவிட இது இலேசானது, கருவிகள் கூடுதல். தந்திரம் வில்லில் இருந்தது. பிடியின் நடுவே ஓடும் ஒரே வில், ஒரு பக்கம் அலகையும் மறுபக்கம் கார்க் திருகையும் துளையூசியையும் தாங்கியது. அப்படி இரண்டே வில்களில் ஆறு கருவிகள். இன்றைய சுவிஸ் கத்திகள் அனைத்தும் அந்த அமைப்பின் பிள்ளைகள். அதிகாரிகளுக்கான கத்தி என்று பெயர் இருந்தாலும் ராணுவம் அதை அதிகாரபூர்வமாக வழங்கவில்லை. அதிகாரிகள் தாங்களே காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். தாயார் விக்டோரியா 1909இல் இறந்தபோது அவர் பெயரையே எல்சனர் நிறுவனத்துக்குச் சூட்டினார். 1921இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும், அதன் பிரெஞ்சுப் பெயரின் சுருக்கமான ‘இனாக்ஸ்’ ஒட்டிக்கொள்ள, பெயர் விக்டோரினாக்ஸ் ஆனது.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. இந்தக் கத்தியின் எல்லாப் பாகத்துக்கும் ஒரே கடினம் கொடுப்பதில்லை. ராக்வெல் சி அளவில் அலகு 56, கத்திரிக்கோலும் ரம்பமும் 53, திருப்புளியும் டப்பாத் திறப்பானும் 52, வில் 49. அலகுக்குக் கூர் நிற்க வேண்டும், திருப்புளி முனை உடையாமல் முறுக்க வேண்டும், வில் வளைந்து திரும்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பதம். இதே சிவப்பு நிறத்தில் சந்தையில் குவியும் போலிகளில் இந்தப் பதம்தான் இருக்காது. பார்வைக்கு அச்சாக அதே கத்தி. முதல் டப்பாவிலேயே திறப்பான் வளைந்துவிடும்.

56 என்பது அதிகக் கடினமில்லை. சீக்கிரம் மழுங்கும், அதைவிடச் சீக்கிரம் தீட்டிவிடலாம். அன்றாடப் பழக்கத்துக்கு இது நல்ல பேரம். கருவிகள் அதிகமாக ஆகக் கத்தி செங்கல்லாகிவிடும் என்பதால், இரண்டே அடுக்குள்ள ‘ஸ்பார்ட்டன்’ மாதிரி போதும். சாவிக்கொத்தில் தொங்கவிட 58 மில்லிமீட்டர் ‘கிளாசிக்’ இருக்கிறது. எடை 21 கிராம்தான். அதன் குட்டிக் கத்திரிக்கோல் ஒன்றுக்கே கொடுத்த காசு தகும்.

புதிய காலத்து மடக்குக் கத்திகளுக்கு இப்போது தலைநகரம் சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலுள்ள யாங்ஜியாங். ஒரு கையால் திறக்கும் அமைப்பு, பிடிக்குள்ளிருக்கும் தகடு நழுவி வந்து அலகைத் தாங்கும் பூட்டு, பந்துத் தாங்கியில் சுழலும் மூட்டு ஆகியவை ஒன்றுசேர்ந்து ஒரு காலத்தில் பெரும்பாலும் விலையுயர்ந்த கத்திகளில்தான் இருந்தன. இன்று ஐம்பது டாலருக்குள் கிடைக்கின்றன. 14சி28என் எஃகில் வருபவை துருவுக்கும் கூருக்கும் நல்ல சமநிலை. டி2 எஃகில் கார்பன் ஒன்றரை சதவீதம் அளவு இருப்பதால் கூர் நெடுநாள் நிற்கும். தீட்டுவதற்குப் பொறுமை வேண்டும், ஈரத்தில் விட்டால் புள்ளி விழும். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் மாதிரிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. இன்று வாங்கியதையே பத்து வருடம் கழித்து மறுபடி வாங்க முடியும் என்ற நிச்சயத்தை ஒப்பினெல்தான் தருகிறது.

மடங்காத கத்தி

மடக்குக் கத்தியின் பலவீனம் அதன் மூட்டு. அழுக்கும் மீன் செதிலும் பழச்சாறும் அங்கேதான் தேங்கும். பலமாக அழுத்தினால் ஆடத் தொடங்குவதும் அங்கேதான். தோட்டம், படகு, தச்சு, முகாம் போன்ற வேலைக்கு மடங்காத உறைக்கத்தியே சரி. அந்த வகையில் விலைக்கும் தரத்துக்கும் மோராவை மிஞ்ச இன்னொன்று வரவில்லை.

மோரா, சுவீடனின் டாலர்னா மாகாணத்திலுள்ள ஊர். அதை ஒட்டிய ஓஸ்ட்னோர் கிராமத்தில் கத்தி செய்வது நானூறு வருடத் தொழில். நிலம் குறைவு, குளிர்காலம் நீளம். உழவர்கள் அந்த மாதங்களில் உலோக வேலை செய்து பிழைத்தார்கள். 1891இல் ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். 1912இல் கே.ஜே. எரிக்சன் என்ற இன்னொரு நிறுவனம் அதே கிராமத்தில் எழுந்தது. ஒன்றுக்கொன்று போட்டியாக ஒரு நூற்றாண்டு ஓடி, 2005இல் இரண்டும் ஒன்றாயின. 2016 முதல் பெயர் மோராக்னிவ். சுவீடிஷ் மொழியில் ‘க்னிவ்’ என்றால் கத்தி.

பழைய மோராவின் பிர்ச் மரப்பிடி செங்காவி நிறம். அந்த மாகாணத்தின் ஃபாலுன் செப்புச் சுரங்கத்திலிருந்து வரும் காவியால் சுவீடன் முழுக்க வீடுகளுக்குப் பூசும் சிவப்பு அது. பக்கத்து ஊரான நுஸ்நேஸில் செய்யப்படும் புகழ்பெற்ற மரக்குதிரைகளும் கத்தியால் செதுக்கப்படுபவைதாம். நார்டிக் நாடுகளின் பள்ளிகளில் ‘ஸ்லோய்ட்’ என்ற கைத்தொழில் பாடம் 19ஆம் நூற்றாண்டிலேயே சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் அங்கே முதலில் கையில் எடுப்பது ஒரு கத்தியையும் ஒரு துண்டு பிர்ச் மரத்தையும்தான். கத்தி மலிவாகவும் எளிதில் தீட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டிய கட்டாயம் அங்கிருந்தும் வந்தது.

மோராவின் உயிர் அதன் அலகு இழைத்த விதத்தில் இருக்கிறது. பெரும்பாலான கத்திகளில் அலகு இரண்டு சரிவாக இறங்கும். அகலமான முதல் சரிவு, நுனியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இரண்டாவது சரிவு. சாணைக்கல்லில் அந்த இரண்டாவது சரிவின் கோணத்தைக் கையால் பிடித்து நிறுத்துவதில்தான் புதியவர்கள் தோற்கிறார்கள். மோராவில் ஒரே சரிவு. அலகின் பாதியிலிருந்து கூர் வரை தட்டையாக, நகத்தால் தடவினாலே தெரியும் அளவுக்கு அகலமாக இறங்குகிறது. அந்தச் சரிவைக் கல்லின் மேல் படியவைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். மரத்தைச் சீவும்போதும் அதே சரிவு மரத்தின் மேல் படிந்து, இழைப்புளிபோல ஒரே கனத்தில் சுருள் எடுக்கும்.

வாங்க வேண்டியது ‘கம்பேனியன்’ என்ற மாதிரி. அலகு சுமார் 10 சென்டிமீட்டர், கனம் 2.5 மில்லிமீட்டர். ரப்பர் கலந்த பிளாஸ்டிக் பிடி, ஈரக்கையிலும் மீன் வழுவழுப்பிலும் நழுவாது. உறையும் பிளாஸ்டிக், இடைவாரில் கொளுவிக்கொள்ளலாம். இருபது டாலரை ஒட்டிய விலையில் ஒரு நல்ல உறைக்கத்தி உறையோடு கையில் வந்துவிடும். துருப்பிடிக்காத வகை 12சி27 என்ற சுவீடிஷ் எஃகு. கார்பன் 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். ஒப்பினெலின் துருப்பிடிக்காத அலகும் இதே எஃகில் வருவது. மரம் செதுக்கும் ஆசை உள்ளவர்களுக்கு 120, 106 என்ற எண்ணுள்ள மரப்பிடிக் கத்திகள் தனியாக இருக்கின்றன. அலகு முறையே 6, 8 சென்டிமீட்டர்.

ஒரு எச்சரிக்கை. கம்பேனியனின் அலகு பிடியின் கடைசி வரை போவதில்லை. வால்போலக் குறுகி, பிடிக்குள் ஓரளவு தூரத்தில் நின்றுவிடுகிறது. சீவுவதற்கும் அறுப்பதற்கும் அது தாராளம். அலகின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பது, நெம்புகோலாக்கி டப்பா மூடியைப் பெயர்ப்பது போன்றவை இதன் வேலையில்லை. அந்த வேலைக்கு வெட்டுக்கத்தியோ அரிவாளோ இருக்கிறது.

கடையில் பார்க்க வேண்டியவை

பெயர் தெரியாத கத்தியை வாங்கும்போது முதலில் எஃகின் பெயரைத் தேட வேண்டும். அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் இருந்தால் அது தகவலே இல்லை. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்பது விளம்பரச் சொல்; அப்படி ஒரு குறிப்பிட்ட எஃகு வகை கிடையாது. செய்த நிறுவனம் எஃகின் பெயரைச் சொல்லக் கூசினால் வாங்குபவர் தயங்குவது நியாயம். அடுத்து, அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருக்கக் கூடாது. பூட்டு இருந்தால், அலகின் முதுகை மேஜை விளிம்பில் மெல்ல அழுத்திப் பார்க்கலாம், விரல்களை வழியிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு. மூடிய கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் அலகு பிடியின் நடுவில் படுத்திருக்கிறதா என்று தெரியும். கடைசியாகக் கூர் ஓரத்துக்கு மேலே அலகு எவ்வளவு தடிப்பு என்று பார்க்க வேண்டும். அச்சுறுத்தும் தோற்றத்துக்காகத் தடித்த இரும்பில் செய்த கத்திகள் உளியைப்போல வெட்டும். அவற்றுக்குச் செலவழிக்கும் பணம் வீண்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இந்திய ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன; வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. இந்தக் கட்டுரையில் சொன்ன கத்தி எதுவும் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. பொத்தானை அழுத்தினால் வில்லால் தானாகப் பாயும் கத்திகளின் கதை வேறு. டெல்லியில் 1980ஆம் ஆண்டு அறிவிக்கையே அவற்றைத் தனியாகக் கட்டுப்படுத்துகிறது. அவற்றைத் தொடாமலிருப்பது நல்லது. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தி மட்டுமே. பூட்டுள்ள கத்தி அந்த விலக்கில் வராது என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. லண்டனில் இருக்கும் தமிழர் ஒருவர் 8ஆம் எண் ஒப்பினெலைக் காரணமில்லாமல் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால் குற்றம். சுவிஸ் ஸ்பார்ட்டனை எடுத்துப் போனால் குற்றமில்லை. விமானத்தில் கையில் வைத்திருக்கும் பையில் கத்தி வைக்காமலிருப்பதே நல்லது. பெட்டியில் வைத்து ஏற்றிவிட வேண்டும். சாவிக்கொத்துக் கத்தியை மறந்து பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுத்தவர்கள் எண்ணிலடங்கார்.

துருவும் கூரும்

குரோமியம் பத்தரை சதவீதத்துக்கு மேல் போனால்தான் எஃகைத் துருப்பிடிக்காதது என்று சொல்வது வழக்கம். ஒப்பினெலும் மோராவும் குரோமியம் இல்லாத கார்பன் எஃகிலும் வருகின்றன. கார்பன் அலகில் மாங்காய் நறுக்கினால் சில நிமிடங்களில் நீலமும் கருப்புமாக நிறம் ஏறும். முதல் சில நாட்கள் பழத்தில் இரும்பு வாடையும் அடிக்கும். வீட்டில் அரிவாள்மனை பழகியவர்களுக்கு இது புதிதில்லை. அந்தக் கருநிறம் துரு இல்லை. சிவப்புத் துருவைத் தள்ளிவைக்கும் மெல்லிய போர்வை அது. புளி போட்டுத் தேய்த்து வெளுக்க வைக்காமல் விட்டுவிடலாம். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். உணவில் படும் கத்திக்கு மெஷின் ஆயிலைவிட அதுவே நல்லது. இவ்வளவு கவனிக்க மனமில்லாதவர்களும் கடலோரத்தில் இருப்பவர்களும் துருப்பிடிக்காத வகையையே எடுப்பது புத்தி.

தீட்டுவதற்கு ஆயிரம் எண் தண்ணீர்க்கல் ஒன்று இந்த எல்லாக் கத்திகளுக்கும் போதும். கல்லை நனைத்து, மோராவின் சரிவைப் படியவைத்து, மெல்லிய அழுத்தத்தோடு முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்து ஓரத்தில் விரல்நுனிக்குச் சொரசொரப்பாக ஒரு பிசிறு தட்டுப்படும். அலகின் அடியிலிருந்து முனை வரை அந்தப் பிசிறு எழும்பினால்தான் ஒரு பக்கம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முன்பே திருப்பிவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. பிறகு மறுபக்கம். இரண்டு பக்கமும் முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து மாறிமாறிச் சில தடவை இழுத்து, பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் கூர் பின்னோக்கிப் போகும்படி பத்துப் பதினைந்து முறை தேய்த்தால் பிசிறு உதிர்ந்துவிடும். செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே அலகை இறக்கிப் பார்க்க வேண்டும். தாள் கிழியாமல், சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தால் கத்தி தயார். எங்கேனும் தடுக்கினால், அலகில் அந்த இடத்தில் இன்னும் பிசிறு இருக்கிறது. அங்கே மட்டும் மறுபடி கல்லுக்குப் போக வேண்டும்.